எஞ்சினுக்குக் காட்டிய கற்பூரம்

லேத் பட்டறை வைத்திருக்கும் சோலைமலை, வேலை முடிந்த வண்டிக்குக் கற்பூரம் காட்டும் விதம் கொட்டகலை கடைவீதியில் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் வண்டியின் முகத்துக்குக் காட்டிவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் வேனின் முன்சீட்டைத் தூக்கி, அதற்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கே தட்டைச் சுற்றுவார். நிறுத்தி வைத்த எஞ்சினுக்குக் காட்டுவது பிரேதத்துக்குக் காட்டுவது மாதிரி என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். கற்பூரம் எதிரே உள்ள என் பலசரக்குக் கடையில் வாங்கியது என்பதால் நான் வாயைத் திறந்ததில்லை.

அவருடைய அப்பா தோட்டத்துத் தேயிலை ஆலையில் மெஷின் பார்த்தவர். மகன் தோட்டத்து வேலைக்குப் போகாமல் ஹட்டனில் லேத் வேலை பழகி, பழைய லேத் ஒன்றை வாங்கி இங்கே பட்டறை போட்டார். கெட்டிக்காரர்தான். ஆனால் சீக்கிரம் வேண்டும் என்று யாராவது சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முடியாது என்று சொல்லவும் அவருக்கு வராது. இந்த இரண்டும் சேர்ந்த மனிதரிடம் வேலை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெரிய தண்டனை.

இலங்கைக்கு வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோன வருஷத்தில்தான் அவருக்குப் பேர் வந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பழுதானால் அதே ரகம் கிடைக்காது. உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்து வேறு ரகம்தான் கிடைக்கும். அது குட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் மெலிந்து இருக்கும். சோலைமலை அலுமினியக் கம்பியைக் கடைந்து, குட்டைக்குத் தலையில் ஒரு தொப்பியும் மெலிந்ததற்கு இடுப்பில் ஓர் உறையும் செய்து பொருத்திவிடுவார். அடாப்டர் என்பார்கள். பெட்ரோல் வெளியே வராமல் அதில் ஒரு ரப்பர் வளையம் உட்காரும். நானுஓயாவிலிருந்துகூட ஆள் தேடி வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் பரிமளம். புருஷன் கத்தாரில். அவர் விட்டுப்போன வேனை இவளே ஓட்டப் பழகி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் சிரித்தவர்களெல்லாம் பிறகு தங்கள் பிள்ளைகளையும் அவளிடமே விட்டார்கள். வேனின் இன்ஜெக்டர்கள் போய்விட்டன. திங்கட்கிழமைக்குள் வேன் ஓடாவிட்டால் பிள்ளைகளை இன்னொரு வேனில் சேர்த்துவிடுவதாகப் பெற்றோர் சொல்லிவிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று என் கடை வாசலில் நின்று அவள் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

அவளுக்காகச் சோலைமலை முகத்தைத் தூக்காமல் அவசரப்பட்டார். நான்கு அடாப்டரையும் அருமையாகக் கடைந்தார். பெட்ரோலுக்குத் தாங்கும் வளையம் மட்டும் தீர்ந்துபோயிருந்தது. கொழும்புக்குப் போய்வர நேரமில்லை. தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிறார்களே, அந்த முதுகு டாங்கியின் வளையங்கள் அவருடைய மச்சானிடம் ஒரு கைப்பிடி இருந்தன. போட்டுப் பார்த்தார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. தண்ணீருக்குச் செய்த ரப்பர் பெட்ரோலில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பொருந்திவிட்ட சந்தோஷத்தில் மனுஷன் அதை யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பரிமளம் மகள் ரூபிகாவோடு வந்தாள். சீட்டைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டார்கள். சோலைமலை தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நானும் வாசலிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டேன். முதல் சுற்று முடியுமுன் அவர் கை நின்றது. மூன்றாவது அடாப்டரின் ஓரத்தில் பெட்ரோல் கசிந்து ஒரு சொட்டாகத் திரண்டுகொண்டிருந்தது.

அவர் கத்தவில்லை. பின்னால் இரண்டடி நகர்ந்து, எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

பரிமளத்துக்குக் கற்பூரம் அணைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஆராத்தி பாதியில் அணைந்தால் அதைவிடக் கெட்ட சகுனம் எங்களுக்கு இல்லை. "அணைச்சிட்டீங்களேண்ணே, பிள்ளைங்கள ஏத்துற வண்டியாச்சே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மொதல்ல எஞ்சின நிப்பாட்டு தங்கச்சி. நிப்பாட்டிட்டு வந்து பாரு."

வந்து பார்த்தாள். சொட்டைப் பார்த்தாள், தூக்கி வைத்த சீட்டைப் பார்த்தாள். தினமும் ரூபிகா உட்காருகிற இடம் அது. அழுகை நின்றுவிட்டது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கோபத்தில் ஏசியிருந்தால்கூடச் சோலைமலைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கழற்றிப் பார்த்தால் வளையங்கள் ஊறிய கடலை மாதிரி உப்பியிருந்தன. அன்றைக்கே, கொப்புளித்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் சரியான வளையம் வாங்கி வந்தார். வாங்கியதையும் நம்பவில்லை. ஒன்றைப் பெட்ரோலில் ஊறவைத்து, அது உப்பவில்லை என்று கண்ட பிறகே மாட்டினார். பரிமளம் நடந்ததை மறைக்காமல் பெற்றோரிடம் சொன்னாள். சிலர் பிள்ளைகளை மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வேனை எடுக்க வந்தாள். சோலைமலை தட்டை எடுத்தார். அவள் தடுத்தாள்.

"கற்பூரமெல்லாம் வேணாங்கண்ணே. ரூபிகா உக்கார்ற சீட்டுல நீங்க உக்காந்து வாங்க. ஸ்கூல் வரைக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்த மனுஷனிடம் இப்படிக் கேட்கலாமா என்று தோன்றியது. அவர் தட்டை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

மீதியைப் பரிமளம்தான் பிறகு சொன்னாள். லயங்களில் பிள்ளைகள் ஏறினார்கள். தன் இடம் போன கோபத்தில் ரூபிகா பின்னால் உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். ஏற்றத்தில் எஞ்சின் உறுமும்போதெல்லாம் சோலைமலை சீட்டின் அடியில் விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். பாடசாலை வாசலில் பிள்ளைகள் இறங்கி ஓடிய பிறகும் அவர் இறங்கவில்லை.

"எத்தனையோ வண்டிக்கு செஞ்சு குடுத்திருக்கேன் தங்கச்சி. ஒண்ணுலயும் இப்படி ஏறி உக்காந்ததில்ல" என்றார்.

பரிமளம் ஆறுதல் சொல்லவில்லை. "நாளைக்கும் வாங்கண்ணே" என்றாள்.