பெற்றவள் கண்

போன கிழமை கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரு தாய் போன் எடுத்தார். தன் மகனைப் பனிச்சறுக்குப் போட்டிக் கிளப்பில் சேர்க்கப் போகிறாராம், பெற்றோர் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். ஹெல்மெட் அளவாக இருக்கவேண்டும், இரண்டு சோடி காலுறை கொண்டுபோங்கள், முட்டைப் பாண் கட்டிக்கொடுங்கள், சோறு கொடுத்தால் பிள்ளை தூங்கிவிடும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

லண்டனில் எங்கே மலை என்று எங்கள் சனம் கேட்கும். மலை இல்லைத்தான். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் ஒரு சரிவு இருக்கிறது. அதில் பனியும் கிடையாது. கூட்டுகிற தும்புத்தடியைக் கவிழ்த்து வைத்ததுபோல முழுக்கப் பிளாஸ்டிக் முள். அதன்மேல் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். விழுந்தால் தோல் உரியும். இதில் போய்ப் பிள்ளையைத் தள்ளிவிட எந்தப் பெற்றவர்களுக்கு மனம் வரும்? எங்களுக்கு வந்தது.

எல்லாம் என் கணவரால் வந்தது. இங்கே வருமுன் சுவிசில் ஒரு மலை ஹோட்டலில் கோப்பை கழுவியவர். சமையலறை ஜன்னலால் ஊரார் பிள்ளைகள் சறுக்கிப் போவதைப் பார்த்தே காலத்தைக் கழித்தவர், தன் காலில் ஒருநாளும் மாட்டிப் பார்த்ததில்லை. எங்கள் மகள் யாரோ ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்கு அந்தச் சரிவுக்குப் போய், வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாளா, மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே கிளப்பில் சேர்த்துவிட்டார்.

அந்தக் கிளப்பில் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் சட்டம் அதிகம். பயிற்சியாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் கூட்டத்திலேயே சிரித்துச் சிரித்துச் சொல்லி முடித்தார். பிள்ளையின் பையைத் தூக்காதீர்கள். சப்பாத்தைப் பூட்டிவிடாதீர்கள். ஓரத்தில் நின்று முழங்காலை மடி, முழங்காலை மடி என்று கத்தாதீர்கள். கீழே வந்ததும் எத்தனையாம் இடம் என்று கேட்காதீர்கள். நின்று பாருங்கள், பார்க்க ஆசையாக இருந்தது என்று சொல்லுங்கள், அது போதும் என்றார். முதல் நான்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டேன். கடைசியில் சொன்னதுதான் என்னால் ஆகவில்லை.

எனக்கு நாவூறு என்றால் பயம். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுக்கிறவள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஊரார் கண்ணைவிடப் பெற்றவள் கண் பொல்லாதது என்று கேட்டு வளர்ந்த உடம்பு இது. பிள்ளை வடிவும் அழகுமாக இருக்கும்போது தாய் வாயைப் பிளந்து பார்க்கக்கூடாது. பார்த்தாலும் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே மகளின் முறை வந்ததும் சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார்களைப் பார்த்து நிற்பேன். அவள் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் திரும்புவேன். "ம், பரவாயில்லை. குளிருது, ஜக்கெட்டைப் போடு." அவ்வளவுதான் என் வாயிலிருந்து வரும். வீட்டுக்கு வந்து செத்தல் மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டால் புகை அலாரம் ஊரைக் கூட்டும். கணவர் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்குவார். மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் ஒருநாள், காரில் வரும்போது சொன்னாள். "அம்மா, உங்களுக்கு இது போரிங் எண்டால் நீங்கள் வரவேண்டாம். அப்பா வந்தால் காணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு பேச்சுப் பேசியிருப்பேன். இவளோ எனக்கு உதவி செய்கிற மாதிரிச் சொன்னாள். என்ன பதில் சொல்ல? நீ அவ்வளவு நன்றாகச் செய்வாய் என்ற பயத்தில்தான் நான் பார்ப்பதில்லை என்றால், அதுவே புகழ்ந்ததாகப் போய்விடுமே! கண்ணை வீதியில் வைத்துக் காரை ஓட்டினேன். அன்றிரவு வெங்காயம் உரிக்கிற சாட்டில் நன்றாக அழுதேன்.

அந்தக் கோடையின் கடைசிப் போட்டியில் நன்றாக வருகிற பிள்ளைகளைத்தான் குளிர்காலத்தில் உண்மையான மலைக்கு, உண்மையான பனிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். மகள் அதற்காக மழையென்றும் பார்க்காமல் பழகினாள். கைமுட்டியில் காயம் ஆறுமுன் அதே இடத்தில் அடுத்த காயம்.

போட்டி நாளில் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் வாசல் காவலுக்கு நிற்கவேண்டும். வாசல் என்றால் இரண்டு கம்பம். பிள்ளையின் இரண்டு காலும் அவற்றுக்கு நடுவால் போகவேண்டும். கம்பம் கவட்டுக்குள் அகப்பட்டால் அந்த ஓட்டம் செல்லாது, காவல் நிற்கிறவர் கையை உயர்த்தவேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் கணவருடைய வேலை. அன்று பார்த்து அவருக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, "நீர்தான் போகவேணும், எனக்கு எழும்ப ஏலாது" என்றார்.

கடைசிச் சில வாசல்களை எனக்குத் தந்தார்கள். பொறுப்பாக நின்ற பெரியவர் நல்ல மனுசன். "கண்ணை எடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் பிள்ளைக்குச் சாதகமாக விட்டுவிடுங்கள்" என்றார். நான் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

முதல் ஓட்டத்தில் மகள் வந்தபோது என் வாசல்களை மட்டும் பார்த்தேன். அவள் காலை மட்டும், யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல. பிழை ஒன்றுமில்லை. இரண்டாவதும் கடைசியுமான ஓட்டத்தில் மேலே அவளுடைய சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. குனிந்து நிற்கவேண்டிய கண் நிமிர்ந்துவிட்டது. பிறகு எடுக்க முடியவில்லை. அட, என்ன பிள்ளை இது! என் வயிற்றில் பிறந்ததா இது? ஒவ்வொரு கம்பத்தையும் தோளால் தட்டித் தட்டிக்கொண்டு, பயம் என்பதே இல்லாமல் வந்தாள். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

கடைசி வாசலில் அவளுடைய இடது கால் கம்பத்துக்கு மற்றப் பக்கத்தால் போனது. கம்பம் இரண்டு காலுக்கும் நடுவில் மடிந்து எழும்பியது. அவள் விழவில்லை, நிற்கவுமில்லை. கீழே எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அதைவிடக் கெதியாய் ஒரு பிள்ளையும் வரவில்லை. கம்பத்தைக் கண்டது நான் மட்டும்தான்.

சந்தேகம் என்றால் விடலாம். எனக்குச் சந்தேகம் இல்லை. கையை உயர்த்தினேன். பெரியவர் ஓடிவந்து, நிச்சயமா என்று கேட்டார். "ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். அந்தப் பிள்ளை யாரென்று அவருக்குத் தெரியும். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு ஓட்டமும் சேர்ந்துதான் கணக்கு, ஒன்று செல்லாவிட்டால் இடம் இல்லை. மலை போய்விட்டது. மகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கை உயர்த்தியது அம்மா என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சட்டம் சட்டம்தான், அதற்காக நான் வருந்தவில்லை. எனக்கு வேறு பயம்.

"என்ரை கண்தான் பட்டுப்போச்சு, குஞ்சு" என்றேன். "நான் பாத்திருக்கக்கூடாது."

அழுகை நின்றது. "பாத்தனீங்களோ?"

"ஓம்."

"உங்கடை வாசலிலை மட்டும்தானே?"

"இல்லையடி. மேலையிருந்து, முழுக்கப் பாத்தன்."

சளியைக் கையுறையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "எப்பிடி இருந்தது?"

இத்தனை காலமும் சொல்லாத சொல் அல்லவா. "வடிவு" என்றேன். "அவ்வளவு வடிவா வந்தனி. எனக்கு அழுகை வந்திட்டுது. அந்தக் கடைசி வாசல் மட்டும்—"

"அதை விடுங்கோ அம்மா" என்றாள். "முதல் வாசலிலை இருந்து சொல்லுங்கோ."

சாவியைக் கையில் வைத்தபடியே, மேலேயிருந்து சொல்லத் தொடங்கினேன்.