வாயால் இழுத்த நூல்

நல்ல தலைவன் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எங்கள் தறிக்கூடத்து மேஸ்திரிதான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு மேடையே ஆகாது.

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த எனக்குத் தறி கொடுத்தார்கள். எங்கள் சேரியிலிருந்து தறிக்குப் போன முதல் ஆள் நான்.

தறியில் குறுக்கே ஓடும் மரத்துண்டுக்கு நாடா என்று பெயர். நூல் தீரும்போதெல்லாம் நூல் சுற்றிய புதுக் கண்டை உள்ளே போட்டு, நாடாவின் ஓரத்துத் துளையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் நூல் வெளியே வரும். ஒரு ஷிப்ட்காரன் வாய் வைத்ததில் அடுத்தவனும் வைப்பான். நான் வரும்வரை யாரும் அதை எச்சில் என்று நினைத்ததில்லை.

முதல் நாள் மதியச் சங்கு ஊதியது. அடுத்த ஷிப்ட்காரர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தத் தறிய நான் ஓட்ட மாட்டேன் மேஸ்திரி."

தறி நின்றால் மில் பொறுக்காது. என்னைத்தான் திரும்பத் துடைப்பத்துக்கு அனுப்பும்.

மேஸ்திரி தவளக்குப்பம் பக்கத்துக் குடியானவர். அவரை நல்லவர் என்று ஒருவரும் சொன்னதில்லை, அப்படித் திட்டுவார். திட்டுவதில் மட்டும் சாதி பார்க்க மாட்டார். அன்று திட்டவில்லை. என் கையிலிருந்து நாடாவை வாங்கி, துடைக்காமல் வாயில் வைத்து நூலை இழுத்தார். அதை அந்த ஷிப்ட்காரரிடம் நீட்டினார்.

"இப்ப ஓட்டு."

அவர் வாங்கிக்கொண்டார். நடுவில் மேஸ்திரி வாய் பட்டதால் தீட்டுப் போய்விட்டதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தறி ஓடியது.

அதன்பின் தினமும் சங்கு ஊதும் நேரத்தில் மேஸ்திரி எங்கள் தறியருகே நிற்பார், நூலை இழுத்துக் கொடுப்பார், போய்விடுவார். டீக்கடையில் அவருடைய சாதி ஆட்கள் அவரோடு உட்காருவதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மறுநாளும் சங்குக்கு வந்து நின்றார்.

ஐப்பசி மழையில் ஆறு பெருகி, ஒரு நாள் மேஸ்திரியால் வர முடியவில்லை. சங்கு ஊதியது. நாடாவைத் தறிமேல் வைத்துவிட்டு விலகினேன். அடுத்த ஷிப்ட்காரர் மேஸ்திரி நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தறி ஏன் நின்னுச்சுன்னு நாளைக்கு அந்த ஆளு கேப்பாரு," என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நாடாவை எடுத்து வாயில் வைத்தார்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். நடந்ததை அவரிடம் யார் சொன்னார்களோ தெரியாது, சங்கு ஊதியபோது எங்கள் பக்கம் வரவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, "என்னடா அங்க வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? வேல முடிஞ்சா வூட்டுக்குப் போ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த ஷிப்ட்காரர் அதற்குள் என் நாடாவில் வாய் வைத்து நூலை இழுத்திருந்தார். வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.