போக்சிமின் கரண்டுப் பாய்

முதலில் ஐஸ் காபியைக் கொட்டியாக வேண்டும். மூடியைக் கழற்றி, உறிஞ்சுகுழலை உருவி, மிச்சத்தை வாளியில் ஊற்றி, கோப்பையை அலசி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால்தான் மறுசுழற்சி வண்டிக்காரன் தொடுவான். வெளியே மைனஸ் பதினொன்று. அந்தக் குளிரிலும் ஐஸ் காபி இல்லாவிட்டால் சியோல் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது. "செத்தாலும் ஐஸ்ல வச்சுத்தான் பொதைக்கணும் இதுங்கள!" என்று போக்சிம் கோப்பைக்கு ஒரு வசவு வைத்திருக்கிறாள். விரல் மரத்துப்போனால் வசவு கொஞ்சம் நீளும்.

அறுபத்தாறு வயது. பொறியியல் மூன்றாம் கட்டடத்தின் ஐந்து மாடியும் அவள் துடைப்பத்தில். சம்பளம் தருவது பல்கலைக்கழகம் அல்ல, ஒப்பந்தக்காரர். தாழ்வாரத்தில் ஐந்து வாய் வைத்த குப்பைத் தொட்டி நிற்கிறது. காகிதத்துக்கு ஒன்று, புட்டிக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கே அந்தப் படம் புரிவதில்லை, கைக்கு எட்டிய வாயில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதை மறுபடி தரையில் கொட்டி ஐந்தாகப் பிரிப்பவள் போக்சிம். 'எங்கள் மாணவர்கள் தொண்ணூற்றொரு சதவீதம் சரியாகப் பிரிக்கிறார்கள்' என்று தொட்டிக்கு மேலேயே பசுமை வளாக அலுவலகம் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவள் மூக்கால் ஒரு சத்தம் போடுவாள்.

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்கு வயிறு எரியும். "எவனுக்குடா இங்க கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே அணைப்பாள். விளக்கோடு விட்டாளா? வகுப்பில் திரையில் படம் காட்டும் கருவி, தண்ணீர் சூடாக்கும் இயந்திரம், பேராசிரியர்கள் மறந்துபோன காபிப் பானை எல்லாவற்றின் செருகியையும் பிடுங்கிவிடுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அதனால்தான் வாசல் பலகையில், மின்சாரம் மிச்சம் பிடித்த கட்டடங்களின் வரிசையில், மூன்றாம் கட்டடம் எப்போதும் முதலில் நிற்கிறது.

அவளுக்கென்று அந்தக் கட்டடத்தில் இருந்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கே கரண்டில் சூடாகும் ஒரு பாயை விரித்து வைத்திருந்தாள், சொந்தக் காசில் வாங்கியது. ஆறு மணிக்குத் தொடங்கிய முதல் சுற்று முடிந்ததும் ஒன்பதிலிருந்து பத்துவரை அதில் முட்டியை நீட்டிக் கிடப்பாள். அறுவைசிகிச்சை செய்த இடது முட்டி அது. அந்த ஒரு மணி நேரச் சூடு இருந்தால்தான் இரண்டாவது சுற்றுக்குப் படியேற முடியும். படியேற முடியாதவளுக்குப் பிப்ரவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள்.

ஜனவரி விடுமுறையில் கட்டடம் காலி. ஒருநாள் பசுமை அலுவலகத்து நாம்குங் கையில் கணினிப் பலகையோடு பொந்து வாசலில் வந்து குனிந்தான். மரியாதையான பையன்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. தினமும் ஒம்பதுலேர்ந்து பத்து வரைக்கும் இந்தக் கட்டடத்துக் கரண்டுக் கோடு மேல ஏறுது. மத்த நேரமெல்லாம் தரையோட கெடக்கு. என்னடா இதுன்னு தேடித் தேடி வந்தா, உங்க பாய்."

"இத்தன வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன். இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"மத்ததெல்லாம் நீங்கதான் சுத்தமா அணைச்சு வச்சிருக்கீங்களே. அதனாலதாம்மா இது பளிச்சுனு தெரியுது."

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். போக்சிம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"சரி, பாயை எடுத்துக்க. மத்த அறையில இருக்கிற மாதிரி செவுத்துல ஒரு சூடேத்தி மாட்டிக் குடு."

அவன் பலகையை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தான். "வரைபடத்துல இது அறையே இல்லம்மா. காலி எடம்னு போட்டிருக்கு. இல்லாத அறைக்கு எப்படிச் சூடு குடுக்க முடியும்?"

"இல்லாத அறையில கெடக்குற நான் யாரு?"

அவன் பாயைச் சுருட்டி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டாம் கட்டடத்தைப் பெருக்கும் குவிரே செய்தி கேட்டு ஓடி வந்தாள். முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவை ஆறுதலாகக் கொண்டுவந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வேணும்க்கா உனக்கு! படிச்சவனே மறந்துட்டுப் போற வெளக்க நீ ஏன் ஓடி ஓடி அணைச்சே? என் கட்டடத்துல எல்லாம் எரியுது. என் பாயும் எரியுது. எவனுக்குத் தெரியும்?"

"வாய மூடிக்கிட்டு சோத்தத் தின்னு" என்றாள் போக்சிம். பாய் போன நாளிலிருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுத்தான் படுக்கிறாள். தரையின் குளிர் அட்டைக்கெல்லாம் அசரவில்லை. இப்போது படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மேலே போகிறாள்.

மாதக் கடைசியில் கீழ்த்தள முகப்பில் பதாகை கட்டினார்கள். மூன்றாம் கட்டடத்துக்கு வளாகத்தின் முதல் பரிசு. கோடு முழுசாகத் தரையோடு படுத்துவிட்டதாம். பல்கலைக்கழகத் தலைவர் பூமியைக் காப்பது பற்றி இருபது நிமிடம் பேசினார். அவர் நின்ற இடத்துக்கு மேலே சூட்டுக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், 'நம் கட்டடத்தின் பசுமைக் கரம்' என்று போக்சிமை முன்னால் அழைத்தார்கள். நாம்குங்தான் அவள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். மரம் வரைந்த, மூடி போட்ட ஒரு எஃகுக் குவளையை அவள் கையில் கொடுத்தான். உள்ளே பார்லித் தேநீர், கொதிக்கக் கொதிக்க.

"குவளைய மேல தூக்கிப் பிடிங்கம்மா, மரம் தெரியணும்" என்றான் படம் எடுப்பவன்.

போக்சிம் குவளையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து, குவளையை இடது முட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.