நான்கு ஒயர் கூடும் இடம்

படத்தில் கரண்ட் மேலிருந்து இறங்கவேண்டும், கிரவுண்ட் கீழே கிடக்கவேண்டும், சிக்னல் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் போகவேண்டும். செல்லக்கனி மவுஸை நகர்த்தி ஒரு கெப்பாசிட்டரைத் தூக்கி, ஐசியின் பக்கத்தில் கொண்டு வைக்கிறாள். "ஏலே, உனக்க எடம் இதுதான். சும்மா அலஞ்சிட்டு நடக்காத" என்று அதை அதட்டவும் செய்கிறாள். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய அந்த வீட்டில் அதட்டு வாங்க வேறு ஆள் இல்லை. அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு அதற்கு வெகுமுன்பே ஓய்ந்துவிட்டது.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு கன்ட்ரோலர் செய்யும் ஒரு கம்பெனிக்கு அவள் சர்க்யூட் படம் வரைந்து கொடுக்கிறாள். இன்ஜினியர்கள் கிறுக்கி அனுப்புவது கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதைப் பிரித்து, ஒயர்கள் ஒன்றையொன்று வெட்டாமல், பெயரெல்லாம் தலை சாய்க்காமல் வாசிக்கும்படி நேராக்கிவிடுவாள். நான்கு ஒயர் ஒரே இடத்தில் கூடினால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. சேர்கிறது என்று காட்டப் புள்ளி வைத்தாலும் அது அச்சில் மங்கிப்போகலாம். சேர்கிறதா, தாண்டிப் போகிறதா என்று பார்ப்பவன் முழிப்பான். ஒரு ஒயரைக் கொஞ்சம் தள்ளிச் சேர்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. "பாக்குதவன் நம்மள விளிச்சுக் கேக்கும்படி படம் இருக்கப்பிடாது" என்பாள்.

அப்படியே ஆயிற்று. யாரும் கூப்பிடுவதில்லை. படம் போகும், 'ரிசீவ்டு' என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான். சில நாள் அவள் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்கும். பாவம், இத்தனை திருத்தமாக வரைந்து அவள் கண்ட பலன் இது.

சித்திரையில் ஜலதோஷத்தோடு வரைந்த ஒரு படத்தில் அந்த நாலு ஒயர் சங்கதி அவள் கண்ணுக்குத் தப்பிப்போயிற்று. படத்தைப் பார்த்து போர்டு அமைக்கும் ஷாஜன் கம்பெனியிலிருந்து போன் செய்தான். அவனும் இந்தப் பக்கந்தான், மார்த்தாண்டத்துக்காரன். சந்தேகம் உடனே தீர்ந்தது. பிறகு ஊரில் மழையா, திற்பரப்பு அருவியில் தண்ணீர் விழுகிறதா, கோயம்புத்தூர் மீன்கறியை வாயில் வைக்க முடியவில்லை என்று பேச்சு நீண்டது. தப்புக்காக வெட்கப்பட வேண்டியவள், அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அனுப்பிய படத்திலும் நான்கு ஒயர்கள் ஒரே இடத்தில் கூடி நின்றன. புள்ளி இல்லை. இந்த முறை ஜலதோஷமும் இல்லை. தெரிந்தேதான் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் யோசித்தாள். அவன் கேட்காமலே, சேரவில்லை என்று முடிவுகட்டிவிட்டால் செய்கிற போர்டெல்லாம் செத்த போர்டு; இத்தனை வருஷம் எடுத்த பேரும் அதோடு போகும். காலையில் கஞ்சி இறங்கவில்லை. திருத்தி அனுப்பிவிடலாம் என்று படத்தைத் திறந்தபோது போன் அடித்தது.

"அக்கா, ஒரு டவுட்டு. இந்த நாலு லைனும் சேருதா, சேரலியா?"

பதில் ஒரே சொல். படமும் கண்ணெதிரேதான் கிடந்தது.

"கொஞ்சம் இரி மக்கா, படத்தத் தொறந்து பாக்கட்டு" என்று சொல்லிவிட்டு, செல்லக்கனி எழுந்துபோய்க் கடகடத்துக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.