நலம் என்று எழுதியதன் விளைவு

வெளிநாட்டில் வசிக்கும் ஓய்வூதியர் ஆண்டுக்கு ஒருமுறை தாம் உயிரோடிருப்பதைச் சான்றுப்படுத்த வேண்டும். பொறுப்புள்ள ஒருவர் அவரை நேரில் கண்டு ஒப்பமிட்டு முத்திரையும் வைத்துவிட்டால், அதற்குமேல் விசாரணை தேவையில்லை. இதுதான் விதி. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த காலத்தில் இந்த விதியைக் கொண்டு எத்தனையோ பேரை உயிரோடு வைத்திருந்தவன் நான். எண்பதுகளின் நடுவில் இங்கிலாந்தில் கழித்த முதல் மாரிக்குளிரில் என்னுடைய படிவமும் முறைப்படி போனது, முறைப்படி ஏற்கப்பட்டது. நான் உயிரோடிருப்பதை அரசாங்கம் நம்பியது. நம்பாதவர் ஒரே ஒருவர். அவர் என் மனைவி.

நெஞ்சுவலி வந்த பிறகு மகன் நஸீர் என்னை இங்கே அழைத்து வந்தான். வைத்தியம் பலித்தது. மனைவி ஆசியா எங்கள் ஊரான சாய்ந்தமருதில், மகளின் வீட்டில் இருந்தாள். மகளுக்குப் பேறுகாலம், அதோடு கொழும்புக்குப் போகும் வீதியெங்கும் சோதனைச் சாவடிகள். குணமானவனை இந்த நாட்டார் சும்மா விடுவதில்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குக் கூப்பிட்டு, இனி எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்க உத்தேசம் என்று கேட்கிறார்கள். அதற்கும் ஒரு படிவம். இளநீலத் தாளில் ஐந்து கோடுகள்: இந்த ஆண்டில் உங்களுக்கு மகிழ்ச்சி தரும் ஐந்து இலக்குகள். மார்கரெட் என்ற நர்ஸ் பேனாவைத் திறந்து கையில் தந்தாள். உங்களை மகிழ்விப்பது எது என்று கேட்டாள். அனுப்பிய கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் வருவது என்றேன். பகிடி என்று நினைத்து வெகுநேரம் சிரித்தாள். பிறகு அவளே முதல் கோட்டில் எழுதினாள்: தினமும் இரண்டு மைல் நடப்பது. நடக்கும்போது உங்களுக்குப் பிடித்த இடமொன்றை மனதில் ஒவ்வொரு அடியாகப் பாருங்கள் என்றாள். இரவு படுக்குமுன் உடம்புக்கு நன்றி சொல்லி மூன்று விஷயங்கள் எழுதுங்கள்; எழுதியதை அன்புக்குரிய ஒருவருக்கு அனுப்புங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் நான் நன்றி சொல்பவனாகப் பெயரெடுத்தவன் அல்ல. தொழுகையில் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுப் பாயைச் சுருட்டும்போதே பாயின் ஓரம் பிரிந்திருக்கிறது என்று குறை சொல்வேன். ஆசியா சோற்றை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று காத்திருப்பாள். உப்புக் கூட என்பேன், அல்லது புளி குறைவு என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்படிக்குப் போய்த் தனக்குப் போட்டுக்கொள்வாள். ஏறத்தாழ நாற்பது வருடம் எங்கள் வீட்டில் சாப்பாடு இந்த நடைமுறைப்படியே நடந்தது.

ஆனால் விதியென்று தாளில் எழுதிவிட்டால் அதன்படி நடப்பவன் நான். காலை பதினொரு மணிக்குக் கால்வாய் ஓரமாக நடக்கத் தொடங்கினேன். சாம்பல் நிற நீர், இலையில்லாத மரங்கள், எதிரில் வரும் நாய்களுக்கு மட்டும் வணக்கம் சொல்லும் மனிதர்கள். மனதிலோ வீட்டு வாசல் கடப்பைத் திறந்து இறங்குவேன். கிடுகு வேலி, மணல் ஒழுங்கை, கருவாடு காயும் வாடை, கடற்கரைப் பள்ளிவாசல், அதன் ஹவுள் தொட்டியில் கால் கழுவி விட்டுத் திரும்பும் வழி. சில நாட்களில் செருப்புக்குள் மணல் உறுத்துவதுபோல் இருக்கும். நின்று கழற்றிப் பார்ப்பேன். மூடிய சப்பாத்துத்தான் போட்டிருப்பேன். இரவில் ஆசியாவுக்கு எழுதுவேன்: இன்று இரண்டு மைல் நடந்தேன், மூச்சு இரைக்கவில்லை. மருமகள் ஆக்கிய சோறு ருசியாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உடம்பு நலம்.

மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதிலில் ஆசியா இப்படி எழுதியிருந்தாள்: "போன வெள்ளிக்கிழம அஸருக்குப் பொறகு மோதினார் ஒங்களக் கண்டாராம். ஹவுளில கால் கழுவிட்டு இருந்தீங்களாம். சலாம் செல்லிரிக்கார், நீங்க திரும்பிப் பாக்கல்லயாம். வந்த மனிசன் ஊட்டுக்கு வராம ஏன் பள்ளியில நிக்கிறார் எண்டு என்னட்டக் கேக்கிறார்." பாங்கு சொல்லும் மோதினாருக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து பல காலம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கடிதத்தில் மீன் விற்கும் பெண் ஒருத்தி கண்டிருந்தாள். அதற்கடுத்ததில் ஆசியாவே: "நான் காணல்ல. கடப்படியில இருமல் சத்தம் கேட்டிச்சி. ஒங்கட இருமல். போய்ப் பாத்தா ஒருத்தரும் இல்ல, மணலில கால் தடம் மட்டும் இருந்திச்சி. நீங்க சொகமா இரிக்கீங்களா?"

நடந்த நேரத்தையும் வழியையும் நான் நாட்குறிப்பில் பதிந்து வைப்பதுண்டு. கோப்புப் புத்தி எளிதில் போகாது. எடுத்து ஒத்துப் பார்த்தேன். அவள் சொன்ன வெள்ளிக்கிழமை, இங்கே கால்வாய் மதகருகே, பள்ளியை நினைத்துச் சற்று நின்றிருக்கிறேன். இங்கே பதினொன்று அடிக்கும்போது அங்கே பின்னேரம் நாலரை. அஸர் தொழுகைக்குப் பிறகு. மற்ற இரண்டு நாட்களும் அப்படியே பொருந்தின. கச்சேரியில் இரண்டு பதிவேடுகள் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனால், யாரோ ஒருவர் மற்றதைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று விளக்கம் கேட்டிருப்பேன்.

மார்கரெட்டிடம் கேட்டேன், ஒருவர் மனதில் காணும் இடத்தில் அவரை வேறு யாராவது காண முடியுமா என்று. "இல்லை, அது உங்களுக்கு மட்டுமே உரியது. அதுதான் அதன் அழகு," என்றாள். இவ்வளவு துல்லியமாகக் காண்பவர்கள் குறைவு என்று பாராட்டி, நீலத் தாளில் ஒரு நட்சத்திரமும் போட்டாள்.

பிறகு கடிதம் நின்றது. நஸீர் மூன்று நாள் முயன்று, கல்முனையில் தெரிந்த கடையொன்றுக்குத் தொலைபேசி இணைப்பு எடுத்தான். ஆசியாவை அங்கே கூட்டி வந்திருந்தார்கள். நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எனக்கே திரும்பி வந்தது.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான். நல்லாரிக்கன்."

"சாப்பாடெல்லாம் எப்பிடி?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல ருசி. ஒரு கொறயுமில்ல."

"சரி," என்றாள் மெதுவாக. ரிசீவரை வைக்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

இரண்டு வாரம் கழித்து மருமகன் ஹனீபாவின் கடிதம் வந்தது. "மாமா, மாமி வெள்ளைப் புடவை உடுத்திட்டா. அறைய விட்டு வெளிய வாறல்ல. இத்தா இரிக்காவாம். மவுத்துச் செய்தி வராம இத்தா இல்ல எண்டு பள்ளி ஹஸ்ரத்தும் செல்லிப் பாத்தார். 'இந்தக் கடிதம் எழுதுறது அவரில்ல. என்ட மனிசன் ஒரு நாளும் சோறு ருசி எண்டு சென்னதில்ல. மகன்தான் வாப்பாட பேரில எழுதுறான், எனக்கிட்ட மறைக்கிறாங்க' எண்டு அழுறா. நான் என்ன செய்ய?"

இத்தா என்பது கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் தனித்திருக்கும் காலம். ஆசியா தவறாக நினைத்தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தூர தேசத்தில் நேர்ந்த மரணத்தை எங்கள் ஊரார் மறைப்பார்கள். மனம் தாங்காது, பேறுகாலம் முடியட்டும், பெருநாள் போகட்டும் என்று தவணை போடுவார்கள். வளைகுடாவில் இறந்த ஒரு பொடியனின் உம்மாவுக்கு ஒரு நோன்பு மாதம் முழுவதும் அவன் பெயரில் கடிதம் வந்தது. எழுதியவர் அவளுடைய தம்பி. அந்தக் கடிதங்களிலும் அவன் நலமாகத்தான் இருந்தான். கையெழுத்தைக் காட்டி நான் தப்பவும் வழியில்லை. நஸீருக்கு எழுதப் பழக்கியவன் நான். எங்கள் இருவரின் எழுத்தும் ஒன்று.

நடைமுறைப்படி போனேன். மார்கரெட் ஒப்பமிட்ட உயிர்வாழ் சான்றிதழின் பிரதியொன்றை அனுப்பினேன். ஆசியா அதைத் திருப்பிப் பார்க்கவும் இல்லையாம். அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்து நின்று படம் எடுத்து அனுப்பினேன். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்; அதுவும் நீலத் தாளில் ஓர் இலக்கு. படத்தைப் பார்த்து, "மவுத்தான மையித்துக்கு இப்பிடித்தான் மொகத்தில வெளிச்சம் வரும்," என்றாளாம்.

அந்தச் செய்தி வந்த பகலில் நஸீர் என்னைக் கடைக்குக் கூட்டிப் போனான். ஒரு கண்ணாடிக் கதவருகே எதிரில் வந்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். சிரித்த முகம், நிமிர்ந்த நடை, கம்பளிக் கோட்டு. வாப்பா, யாருக்கு ஒதுங்குறீங்க என்று நஸீர் கேட்ட பிறகே அது கண்ணாடியில் விழுந்த என் பிம்பம் என்று விளங்கியது. உள்ளே போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். எனக்கே அடையாளம் தெரியாத ஆளை அவளுக்குத் தெரியவில்லை என்று எப்படிக் கோபிப்பது?

அன்றே ஒரு வான்கடிதம் எழுதினேன். அது இப்படி இருந்தது:

"ஆசியா, நீ கடைசியாக எழுதிய கடிதத்தில் திகதி இல்லை. நாற்பது வருடம் ஒரு இலிகிதரோடு வாழ்ந்தும் இது உனக்குப் படியவில்லை. நீ அனுப்பிய மாசிச் சம்பலில் உப்புக் கூட. மூடியை இறுக்கவில்லை, எண்ணெய் என் வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது. இங்கே சோறு பசை மாதிரி, மீனில் கடலே இல்லை. முழங்கால் நோகிறது. உயிரோடிருக்கும் புருஷனுக்கு இத்தா இருப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று எழுதி அனுப்பு, அத்தியாயத்தோடு."

கடைசியில், உன் கையால் சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அதை வாசிக்க முடியாதபடி மையால் அடித்தேன்.

கடிதத்தைத் தபாலில் போட்ட நாளோடு நடையையும் நிறுத்திவிட்டேன். பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை. நஸீரிடம்கூட, அவன் வேலைக்குப் போன பிறகு நான் நடப்பதில்லை என்பதைச் சொல்லவில்லை. மார்கரெட்டின் தாளில் இரண்டு மைல் என்று பொய் எழுதினேன். நான் நிரப்பிய படிவங்களில் முதல் பொய். பதினொரு மணிக்கு யன்னலருகே உட்கார்ந்து, ஊரை நினைக்காமலிருக்க எதிர்வீட்டுச் செங்கற்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கால்கள் மட்டும் தரையில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். கையால் பிடித்து நிறுத்துவேன்.

பதில் வந்தது. மேல்மூலையில் கொட்டை எழுத்தில் திகதி.

"நீங்கதான். மனிசனக் கொல்ற வாய், வேற ஆருக்கும் வராது. வெள்ளையக் கழட்டிட்டன். ஹஸ்ரத்துட்ட மன்னிப்பும் கேட்டன். சம்பலில உப்பு சரியாத்தான் இரிந்திச்சி. மை பூசின வரிய மகள் வெளிச்சத்தில புடிச்சி வாசிச்சிட்டா. இன்னொரு விசயம். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பொறகு கடப்படியில இருமல் கேக்கும். மொதல்ல பயந்த, மறுகா பழகிட்டு, அந்த நேரத்துக்குத் தேத்தண்ணி ஊத்தி வெச்சிட்டு இரிப்பன். இப்ப ரெண்டு கெழமையாக் காணல்ல. நடக்கிறத ஏன் நிப்பாட்டின நீங்க?"

நான் நடையை நிறுத்தியதை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. கதவடியில் இருந்த சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டினேன். பிறகு, கோப்பில் சேர்க்கும் எந்தக் கடிதத்துக்கும் செய்வதுபோல, அவள் கடிதத்தின் ஓரத்தில் அது கிடைத்த திகதியைக் குறித்தேன்: மார்ச் பதினொன்று, புதன்கிழமை, காலை பத்தே முக்கால்.