பெரியப்பாவின் பூசணிக்காய்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போக வேண்டும் என்று எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் முதலில் ஆசைப்பட்டவர் என் பெரியப்பாதான். அவருக்கு அரசியல் தெரியாது. கைகுலுக்கல் தெரியும்.

அவர் ஒரு பிரெஞ்சு அலுவலகத்தில் வாசல் சேவகர். அங்கே காலையில் யார் யாரைப் பார்த்தாலும் ‘போன்ழூர்’ சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. துரை முதல் தோட்டக்காரர் வரை இதில் பேதமே கிடையாது. சமத்துவம் நல்லதுதான். ஆனால் பெரியப்பாவுக்கு முடக்குவாதம். வெயில் ஏறும்வரை அவருடைய விரல்கள் மடங்கவும் மாட்டா, நிமிரவும் மாட்டா. நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் கைகளை ஊறவைப்பார். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்துக் குடிப்பார். சட்டைப் பொத்தான்களைப் பெரியம்மாதான் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்க, சண்டை போடுவதுபோல அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே போட்டுவிடுவாள்.

அலுவலகத்திலும் தெரியக்கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு வரும் புது அரசாங்கம் யாரை வைத்துக்கொள்ளும், யாரை வீட்டுக்கு அனுப்பும் என்று எவருக்கும் விளங்காத நேரம் அது. கதவின் பிடியைத் திருக முடியாத வாசல் சேவகரை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் பெரியப்பா எப்போதும் எதையாவது சுமந்தே திரிந்தார். ஒரு முழங்கையில் குடை, இன்னொன்றில் தூக்குச்சட்டி, நெஞ்சோடு ஒரு காகிதக் கட்டு. பெரிய உழைப்பாளி என்று பெயரும் வந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது துரை கப்பலேறும் நாள் வந்தது. எல்லோரும் வரிசையாக நிற்க, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து விடைபெறுவாராம். துரையின் பிடி, கொல்லன் இடுக்கி. வலி தாங்காமல் கத்திவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெரியப்பா, கூரைமேல் காய்த்துக் கிடந்த பூசணிக்காயை இறக்கச் சொன்னார்.

“திருஷ்டி சுத்தி ஒடைக்கிற காயப் போயி தொரைக்குக் குடுப்பாங்களா? இன்னா கூத்து இது?” என்றாள் பெரியம்மா.

“சும்மா கெட. ரெண்டு கையும் ரொம்புற மாதிரி நம்ம வூட்ல வேற இன்னா இருக்குது?”

நானும் கூடப் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். துரைக்கு ‘ஓ ருவ்வார்’ என்று பிரெஞ்சில் விடை சொல்ல என்னைவிட்டால் யார்? வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

துரை ஒவ்வொரு கையையும் தண்ணீர்ப் பம்பு அடிப்பதுபோலக் குலுக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா காயை அணைத்தபடி விறைப்பாக நின்றார். கறுப்புக் கோட்டெல்லாம் பூசணியின் வெள்ளைச் சாம்பல். துரை சிரித்தார், காயை வாங்கினார், பக்கத்திலிருந்த தோட்டக்காரரிடம் கொடுத்தார். இப்போது பெரியப்பாவின் இரண்டு கைகளும் காலி.

துரை தம் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து, பெரியப்பாவின் வலக் கன்னத்தில் ஒரு முத்தமும் இடக் கன்னத்தில் ஒரு முத்தமும் வைத்தார்.

தோட்டக்காரர் பூசணிக்காயைக் கீழே போட்டார். நான் ‘ஓ ருவ்வார்’ சொல்ல மறந்தே போனேன்.

செய்தி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. பெரியம்மா குடத்தோடு வாசலில் நின்றாள். “மொதல்ல தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா. இது தொரையோட சம்சாரத்துக்குத் தெரியுமா?”

அடுத்து வந்த அதிகாரிகள் கைகூப்பிக் கும்பிட்டார்கள். பெரியப்பா எல்லோருக்கும் முந்திக்கொண்டு, முகமெல்லாம் மலரக் கும்பிட்டார். தெருவில் தேசபக்தர் ஆகிவிட்டார்.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. “தோட்டக்காரருக்குக்கூட கை குடுத்தாரே, ஒனக்கு மட்டும் ஏன் கையப் பின்னாடி மறச்சிக்கினாரு? ஒன் கையத் தொட்டா ஒட்டிக்குமா?” என்று கேட்டேன்.

பெரியப்பா வெந்நீரிலிருந்து கைகளை எடுக்காமல், “நல்ல மனுசன்” என்றார்.

அடிமைப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் கற்றிருந்தேன்.