ஆடு தின்ற எச்சரிக்கை: ரேணிகுண்டாவிலிருந்து நாயுடுபேட்டைக்கு

இதைச் சுற்றுலாக் கட்டுரை என்று நினைத்து வாசிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். என் தங்கை சுமதிக்கு நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கணவர் இல்லை, கையில் இரண்டு வயதுக் குழந்தை. அங்கேயே அறை எடுத்துத் தங்க முடியாது. எட்டு மணி ஷிப்டுக்குப் பொருந்துகிற பஸ்ஸும் இல்லை. ஸ்கூட்டரில் தினமும் போய்வர முடியுமா என்று பார்க்கத்தான், வேலையில் சேர்வதற்கு முந்தின நாளான ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம். முடியாது என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஒரு வழிக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். என் பைக்குக்கு இருநூறு ரூபாய் பெட்ரோல் போட்டேன். அவள் தன் ஸ்கூட்டரில் முன்னால், நான் பைக்கில் பின்னால். ஏர்பேடு வருவதற்குள்ளேயே சாலை அகலப்படுத்தும் வேலை தன் குணத்தைக் காட்டிவிட்டது. டிப்பர் லாரி கிளப்பும் புழுதியில் சுமதியின் பின்விளக்கே தெரியவில்லை. புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்த இடத்திலோ சேறு வழுக்கியது. இந்த வேலை என்றைக்காவது முடியும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ போய்விட்டது.

காளஹஸ்தி தாண்டியதும் ஒரு பக்கம் புது கான்கிரீட் சாலை, இன்னும் திறக்காதது. மறித்து வைத்த டிரம்மை யாரோ நகர்த்தியிருந்தார்கள். ஊரே அதில்தான் போகிறது. நாங்களும் ஏறினோம். வழவழப்பான சாலையைக் கண்டதும் சுமதி ஐம்பதைத் தொட்டுவிட்டாள். திடீரென்று நடுச்சாலையில் ஒரு ஆட்டுக்கூட்டம். ஆடுகளுக்காகத்தான் பிரேக் போட்டாள். ஆடுகள் விலகிய பிறகுதான் தெரிந்தது, பத்தடி தள்ளி சாலையே இல்லை. பாலம் கட்டத் தோண்டிய பள்ளம், உள்ளே கம்பிகள் குத்திட்டு நின்றன.

எங்கள் பக்கம் சாலையில் தழை கிடந்தால் முன்னால் ஆபத்து என்று அர்த்தம். லாரிக்காரர்கள் முதல் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் வேப்பந்தழை போட்டிருக்கிறார்கள். அதைத்தான் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்த வேலையாளிடம் டிரம் வைக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன்.

“வெச்சா தண்ணி புடிக்க எத்துக்கினு பூடறாங்க சார். அதான் தெனம் காலைல தழை போடறேன். மத்தியானத்துக்குள்ள ஆடு துன்னுடுது,” என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? பழைய சாலைக்கே இறங்கி, நாயுடுபேட்டை போய்ச்சேர எட்டேகால் ஆகிவிட்டது. நிஜ வேலைநாளாக இருந்தால் அரைநாள் சம்பளம் போயிருக்கும்.

திரும்பி வந்ததைச் சொல்வதற்கு முன், இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திறக்காத சாலை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏறாதீர்கள். டிப்பருக்குப் பின்னால் ஒட்டாதீர்கள், புழுதி அடங்கட்டும். ஜல்லியிலும் சேற்றிலும் முன் பிரேக்கைத் தொடாமல் இருபதில் உருட்டுங்கள். இத்தனையும் செய்தால் பிழைத்துவிடலாமா என்றால், எனக்குத் தெரியாது.

மத்தியானம் திரும்பும்போது புது சாலையில் ஏறுகிற இடத்தில் சுமதி வண்டியை நிறுத்தினாள். பள்ளத்துக்கு நாயுடுபேட்டைப் பக்கமும் தழை இல்லை, ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. அவள் ஓரத்தில் வளர்ந்திருந்த எருக்கஞ்செடியை ஒடித்துச் சாலையின் குறுக்கே போட ஆரம்பித்தாள்.

“இத ஆடு துன்னாதுண்ணா,” என்றாள், பால் வடிந்த கையை மண்ணில் துடைத்துக்கொண்டே. “நாளைக்கி வேல முடிஞ்சு இருட்டுல நான்தான வரணும்.”

போகாதே என்று சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக அவளுக்கு என்ன கொடுப்பேன்? இறங்கி நானும் இரண்டு கிளை ஒடித்தேன்.